மூச்சைப் பிடிக்கச் சொல்லும் மகளுக்கு

அம்மாடி,

போன சனிக்கிழமை நான் மலாக்காவிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ் ஏறியது உன்னைப் பார்க்க அல்ல. உன் படிப்பை நிறுத்த. நீ எக்ஸ்ரே படிக்கும் ஆஸ்பத்திரி வாசலில் நீ ஓடி வந்து, "என்னம்மா திடீர்னு? அப்பாவுக்கு ஏதும் இல்லையே?" என்று கேட்டாய். "சும்மாதான், உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு" என்றேன். பொய். பஸ் கிளம்பியதிலிருந்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தேன். தம்பின் தாண்டும் வரை அது நீளமாக இருந்தது. காரணங்கள், சமாதானங்கள், உன் வயது, என் வயது. சிரம்பானில் பாதி உதிர்ந்தது. இறங்கும்போது ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருந்தது. இந்தப் பரீட்சையை எழுதாதே. அதையும் சொல்லாமல் மறுநாள் திரும்பி வந்துவிட்டேன். ஏன் வந்தேன், ஏன் சொல்லவில்லை, வந்தபின் என்ன செய்தேன் என்பதை இதில் எழுதுகிறேன். எதையும் அழகாக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் உனக்கு நிச்சயப் புடவை எடுக்கப் போயிருந்தோம். நான், அப்பா, புக்கிட் பாருவிலிருந்து பையனின் அம்மா. கடைக்கார பாய் ஒவ்வொரு புடவையாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா புடவையைத் தடவியபடியே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா அந்த எக்ஸ்ரே மெஷின்கிட்ட நின்னு நின்னு வயிறு வறண்டு போயிடும்ங்கிறாங்க. எங்க அண்ணன் மருமகளோட கூட்டாளி ஒருத்தி ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா இருக்கா, அவ சொன்னா. இருட்டு ரூம்ல வேற ஆம்பளைங்களோட வேலையாமே. நிறுத்திட்டா நல்லது." பாய் காது கேளாதவர்போல, "பச்சையா, அரக்கா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை. "நிறுத்திடுறோம். பரீட்சைகூட எழுத வேணாம்னு சொல்லிடுறேன்" என்றேன். பிறகு, "அரக்கு" என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாய் முகத்தில் அரைச் சிரிப்பு வந்து போனது. வாத்தியாரம்மா என்பதால் எல்லாரையும்போல் சீகு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "சீகுவுக்கு முடிவெடுக்கிறதுல தாமதமே இல்ல" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பையன் நல்லவன். தபால் நிலையத்தில் வேலை. அவனைப் பார்த்த அன்று நீ சொன்னது ஒரே வாக்கியம்: "பேசுறப்ப முகத்தைப் பாத்துப் பேசுறாரு." உன்னிடமிருந்து அது பெரிய வாக்கியம். அந்தச் சம்பந்தம் கை நழுவிவிடும் என்று பயந்தேன். பயந்தால் நான் வேகமாக முடிவெடுப்பேன். மற்றவர்கள் அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நீ வேலை முடித்து வரும்வரை உன் விடுதி அறையில் இருக்கச் சொன்னாய். மேசையில் உன் நோட்டுகள். ஆசிரியை அல்லவா, நோட்டுப் புத்தகம் என்றால் கை சும்மா இருக்காது. முதல் நோட்டு முழுவதும் எலும்பு. மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு என்று எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் வரைந்து, எந்தக் கோணத்தில் கை வைத்தால் எந்த எலும்பு எதன் பின்னால் ஒளியும் என்று அம்புக்குறி போட்டிருந்தாய். இரண்டாவது நோட்டில் மின்சாரம், கதிர், தூரம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாய். மூன்றாவதில் இருட்டறை. எந்த மருந்தில் படத்தை எவ்வளவு நேரம் முக்க வேண்டும், மருந்து சூடாகிவிட்டால் என்ன ஆகும், நகம் பட்டால் படத்தில் எப்படித் தெரியும். நான்காவதுதான் எனக்கு வியப்பு. அதில் எந்திரமே இல்லை. மயங்கி விழப்போகிறவரை எந்தப் பக்கத்திலிருந்து தாங்குவது. உடைந்த காலை யார் பிடிப்பது, எங்கே பிடிப்பது. தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். படத்தில் என்ன தெரிந்தாலும் நோயாளியிடம் சொல்லக் கூடாது, அது டாக்டரின் வேலை. முகத்திலும் காட்டக் கூடாது. அதன் கீழே நான்கு மொழியில் இரண்டே வரி. மூச்சை இழுங்க, பிடிங்க. அதையே மலாயில், தாரேக் நாபாஸ், தாஹான். ஆங்கிலம். நான்காவது சீனமாக இருக்க வேண்டும், தமிழ் எழுத்தில் எழுதி, ஏற்ற இறக்கத்துக்கு மேலே கோடு போட்டிருந்தாய். ஒரு பெண் தன் வேலைக்காக இவ்வளவு மொழியில் பேசப் பழகுகிறாள், அதுவும் இரண்டே வாக்கியத்தை. நான் இருபது வருடம் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொன்னவள். இவ்வளவு குறைவான சொற்களை இவ்வளவு கவனமாக ஒருநாளும் நான் தயார் செய்ததில்லை.

நான் உன்னிடம் சொல்ல வந்த வாக்கியம் அங்கேயே தளர்ந்துவிட்டது. ஆனால் அதை நிறுத்தியது நோட்டு இல்லை. ஞாயிறு காலை நடந்த ஒன்று. உனக்கு அன்று வேலை முறை. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாய். உடை மாற்றும் இடத்தின் திரை சரியாக மூடவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், ஐம்பது வயது இருக்கும், இருமிக்கொண்டே வந்தார். அவருடைய கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலை பத்து மணிக்கே கள் வாடை. நீ தாலியைக் கழற்ற வேண்டும் என்றதும் அந்த அம்மாள் கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டார்.

"அது மட்டும் முடியாதும்மா. மத்ததெல்லாம் எடுத்துக்க."

"சரிங்கம்மா. அவசரமில்ல. பசியாறிட்டு வந்தீங்களா?"

"ரொட்டி தின்னேன். ஏன், வயித்தையும் எடுப்பியா?"

"நெஞ்சு மட்டும்தான். ஐயா வெளிய இருக்காரா?"

"இருக்காரு. இல்லாம எங்க போறாரு. எமனே வந்தாலும் அந்த வாடைக்கு ஓடிப்போவான்."

என் பக்கத்திலிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அங்கேயிருந்த மூத்த ஊழியர் ஒருவர், "புருஷன்கிட்டயே கேட்டுடலாமே, நேரமாகுது" என்றார். நீ பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் சொன்னார்: "அவருகிட்ட என்ன கேக்கறது? கழுத்து என்னோடது."

"ஆமாங்கம்மா, உங்களோடதுதான். அதான் உங்ககிட்ட கேக்கறேன்" என்றாய். பிறகு இழுப்பறையைத் திறந்தாய். மஞ்சள் கயிறு, அதில் கோத்த மஞ்சள் துண்டு. முன்பே கோத்து வைத்திருந்தாய், ஒன்றல்ல, நாலைந்து. ஆண்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாய். "முதல்ல இத கட்டிடுவோம். கட்டினதுக்கு அப்புறம் அத கழட்டுவோம். ஒரு நொடிகூட கழுத்து வெறுமையா இருக்காது. கழட்டினத நீங்களே கைக்குள்ள வச்சுக்குங்க, கைய இடுப்புல வைங்க. கை படத்துல விழாது. பாக்கலாமா?" அந்த அம்மாள் கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்தார். பிறகு, "முடிச்சு மூணு போடு" என்றார். நீ மூன்று முடிச்சுப் போட்டாய். "உனக்குக் கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா." "ஆகாமலே இவ்வளவு நல்லா முடிச்சு போடுறியே!" உள்ளேயிருந்து இருவரும் சிரிப்பது கேட்டது. பிறகு உன் குரல் மாறியது. தெளிவாக, தாழ்வாக. மூச்சை இழுங்க. பிடிங்க. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும் பிடித்தேன்.

இனி எழுதப்போவதை நாம் ஒருநாளும் பேசியதில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். உனக்குப் பதின்மூன்று. எனக்கு இருமல் நிற்காமல், மலாக்கா ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு சீன இளைஞர். நீளமான வரிசை. "காக், சங்கிலியைக் கழற்றுங்கள்" என்று அக்கா முறை வைத்து மரியாதையாக மலாயில் சொல்லிவிட்டு, நான் வெட்கப்படாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தாலியை முதுகுப் பக்கம் தள்ளி மேலாடைக்குள் விட்டுக்கொண்டு, "சூடா" என்றேன், ஆயிற்று என்று. ஸ்டூடியோவில் எடுப்பதுபோல முன்னால் இருப்பதுதான் படத்தில் விழும் என்று நினைத்தேன். பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் நினைத்தது இது. கதிர் முதுகில் நுழைந்து நெஞ்சில் வெளியேறுகிறது என்று யாருக்குத் தெரியும். தாலி, இரண்டு காசு, அதில் மாட்டியிருந்த மூன்று ஊக்கு, எல்லாம் வலது நுரையீரலின் மேல் வெள்ளையாகக் கிடந்திருக்கின்றன. படம் தெளிவாக இல்லை, மறுபடி வரவும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. காஜா பேராங் வீட்டின் அடுப்படியில் நின்று அதை எனக்குப் படித்துச் சொன்னது நீ. நான் வாங்கி மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். "அப்பாகிட்ட சொல்லாத. மழை விட்டதும் போறேன்" என்றேன்.

மழை விட்டது. நான் போகவில்லை. நான்கு மாதம். பள்ளிப் பிள்ளைகளைக் கொடியேற்றத்துக்குத் திடலுக்கு வரிசையாக அழைத்துப் போனேன். ஒரு கையில் கொடி, மறு கையில் கைக்குட்டை. இரவில் உன் பக்கத்தில்தான் படுத்தேன். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாதான் துணிக்கொடியில் காய்ந்த கைக்குட்டையின் கறையைப் பார்த்தார். மலாக்காச் செட்டிகளுக்கு வீட்டிலும் மலாய்தான்; நம்மோடும் மலாயில்தான் பேசுவார், தெரியுமே. "இது என்ன, சீகு?" என்று கேட்டார். நான் வெற்றிலைக் கறை என்றேன். "நீ வெற்றிலை போட்டு நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, வாசலில் போன மூன்று சக்கர டிரைஷாவைக் கைதட்டி நிறுத்தி என்னை ஏற்றினார். எட்டு மாதம் காசநோய் வார்டு. நீ அத்தை வீட்டில். வீட்டிலுள்ளவர்களையெல்லாம் படம் எடுத்தார்கள். உன் படத்திலும் ஒரு சிறு நிழல்.

நீ ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை விழுங்கினாய். ஒரு பள்ளித் தவணையை இழந்தாய். குணமானாய். யாரிடமும் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பாவிடம் இல்லை, டாக்டரிடம் இல்லை, கோபம் வந்த நாட்களில் என்னிடம்கூட இல்லை. தாலியைக் கழற்றப் பயந்து திரும்பப் போகாமல் இருந்துவிட்டேன் என்று பிறகு நான் ஊருக்குச் சொன்னேன். கேட்டவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். அது உண்மை இல்லை. எனக்குப் படத்தின் மேல்தான் பயம். அதில் இருப்பது தெரிந்தால் பிள்ளைகள் பக்கத்தில் விடமாட்டார்கள், வேலை போய்விடும் என்ற பயம். தாலி ஒரு சாக்கு. நெஞ்சில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. உன்னை அதற்குக் காவல் வைத்தேன். பதின்மூன்று வயதில் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க நீ என்னிடம்தான் பழகினாய். அந்தக் கடிதத்தை மறைத்தது நான். நீ இல்லை. உன் பங்கு அதில் ஒரு துளியும் இல்லை. இதை ஏழு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று நான் உன்னைக் கேட்டதில்லை. பதில் தெரியும் என்று பயந்து கேட்கவில்லை. ஆனால் ஞாயிறு அன்று பஸ்ஸுக்கு நடந்து வரும்போது நீ பேசியதில் பழைய துக்கம் எதுவும் இல்லை. கர்ப்பிணிகளை எக்ஸ்ரே எடுக்க டாக்டர்களே இப்போது யோசிக்கிறார்கள் என்றாய். கதிர் இல்லாமல், காதுக்குக் கேட்காத சத்தத்தை உடம்புக்குள் அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து வயிற்றிலிருக்கும் பிள்ளையைப் பார்க்க வெளிநாட்டில் எங்கோ முயல்கிறார்கள், சீமையிலிருந்து திரும்பிய ஆசிரியர் வகுப்பில் சொன்னார் என்றாய். "அது இங்க வர்றப்ப நான் படிச்சிருக்கணும்மா" என்றாய். ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்தாய். பிடிப்பதற்கு முன் "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பிடித்தாய். உனக்கே தெரியாமல் செய்தாய் என்று நினைக்கிறேன். என் மகளிடமிருந்து நான் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். என்ன என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல."

"பின்ன எதுக்குப் போன?"

"பாத்துட்டு வந்தேன்."

"அப்ப அந்த அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லிக்க. நான் வரமாட்டேன்" என்றவர், புதன்கிழமை எனக்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புக்கிட் பாருவில் கோப்பி கொடுத்தார்கள். நான் குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், படிப்பை நிறுத்த முடியாது என்று. அந்த அம்மா கோபப்படவில்லை. குழம்பினார். "கடையிலயே சரின்னீங்களே. பாய்கூட சாட்சி."

"சரின்னேன். அவளக் கேக்காம சொல்லிட்டேன்."

"பொண்ணக் கேட்டா கல்யாணம் பண்றது?"

அப்பா கோப்பையை வைத்தார். "என்னையும் இவளையும் யாரும் கேக்கலதான். அதுக்குத்தான் இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கோம்." உள் அறையில் யாரோ சிரித்தார்கள். பையன்.

வயிறு வறளும் என்ற பேச்சுக்கு உன் இரண்டாவது நோட்டிலிருந்து நினைவில் இருந்ததைச் சொன்னேன். ஈயக் கவசம், தள்ளி நிற்கும் தூரம், சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் படச்சுருள், அது எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டிக்கொடுக்கும் என்பது. பாதி தப்பாகச் சொல்லியிருப்பேன். அந்த அம்மா கவனமாகக் கேட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் தெரியாததற்குப் பயப்படுகிறவர். கடைசியில், "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. நாள் குறிக்கணும். வேற எடத்துலயும் கேக்கறாங்க" என்றார். செவ்வாய்க்கிழமைதான் உனக்குப் பரீட்சை முடிகிறது, அதற்குமுன் பேச முடியாது என்றேன். "அதுவரைக்கும் எப்படிக் காத்திருக்கிறது?" என்றார். "காத்திருக்க முடியலன்னா வேணாம்" என்றேன். அப்பா தொண்டையைச் செருமினார். கோப்பி ஆறிப்போயிருந்தது. முழுவதும் குடித்தேன்.

கேட் வரை பையன் வந்தான். என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "அவங்க என்ன சொல்றாங்க?" இந்த மூன்று வாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். "இன்னும் கேக்கல" என்றேன். "அப்ப கேளுங்க அத்தை" என்றான். அவ்வளவுதான். அதைவிட அதிகமாக நான் அவனிடம் எதையும் படிக்க விரும்பவில்லை. அது உன் வேலை.

ஆக, உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். பிறகு உன்னைக் கேட்காமலே மறுத்தேன். இரண்டாவது சரியான காரியம் என்று நினைக்கிறேன். ஆனாலும் அதுவும் கேட்காமல் செய்ததுதான். அதனால் அந்த இடம் போய்விட்டால், உனக்கு அந்தப் பையன் பிடித்திருந்து போய்விட்டால், அந்த நஷ்டம் என்னால் வந்தது. இதைப் பரீட்சை முடிந்தபின் உனக்கு எழுதலாம், இப்போது எழுதினால் மனசு கலையும் என்று அப்பா சொன்னார். முடியாது என்றேன். உனக்கு வர வேண்டியது உன் கைக்கு வர வேண்டும். எப்போது யோசிப்பது என்று முடிவு செய்ய உனக்குத் தெரியும். நானும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

கேட்கிறேன். அவனைக் கட்டிக்கொள்ள விருப்பமா? கட்டிக்கொண்டால் வேலையை எப்படி வைத்துக்கொள்ள நினைக்கிறாய்? அந்தச் சத்தப் படிப்பு வந்தால் போக வேண்டுமா? கல்யாணமே இப்போது வேண்டாமா? இதில் எதற்கும் என் விருப்பத்தைச் சேர்க்கவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன்.

பதிலை இப்போது எழுதாதே. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் எலும்புகளை எழுது, தூரத்தை எழுது, நோயாளியை எப்படித் தாங்குவது என்று எழுது. முடித்துவிட்டு நன்றாகத் தூங்கு. பிறகு எழுது. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே புக்கிட் பாரு போவேன். அந்தக் கூடத்தில் நின்று, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல் படித்துக் காட்டுவேன்.

அம்மா
காஜா பேராங், வியாழக்கிழமை